வளர்ற காலு

போன மாதம் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும். "அப்பா, காலு வலிக்குதுப்பா" என்று சின்னவள் அழுகிற சத்தம் கேட்டு எழுந்து ஓடினேன். வயது ஆறு. இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, காய்ச்சலும் இல்லை. தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணி நானும் மனைவியும் ஆளுக்கொரு காலாகத் தேய்த்துவிட்டோம். அரைமணியில் தூங்கிவிட்டாள். விடிந்து பார்த்தால் கொல்லைப்புறத்தில் டிராம்போலினில் குதித்துக்கொண்டிருக்கிறாள்! தூக்கம் கெட்ட நாங்கள் இரண்டு பேரும்தான் நொண்டிக்கொண்டிருந்தோம்.

அதே வாரம் மூன்று தடவை இப்படி. பயந்துபோய் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். (இங்கே அடிலெய்டில் எங்கள் குடும்ப டாக்டர் ஒரு வயதான அம்மாள், அதிகம் பேச மாட்டார்.) காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், குதிக்கச் சொன்னார், பிறகு சிரித்துக்கொண்டே இரண்டே வார்த்தை சொன்னார்: "குரோயிங் பெயின்ஸ்."

விஷயம் என்னவென்றால், அந்த இரண்டு வார்த்தைகளை நான் அதே வாரம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தேன். மூன்று நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற எங்கள் குட்டிக் கம்பெனியின் கூட்டத்தில். மருத்துவமனைகளுக்கு ஷிப்ட் பட்டியல் போடும் மென்பொருள் செய்கிறோம். இங்கே நாங்கள் ஐந்து பேர், பாலக்காட்டில் ஒன்பது பேர். ஒரு பெரிய வாடிக்கையாளர் பணம் தர இழுத்தடித்ததில் கை கடித்துவிட்டது. ஆலோசகர் ஒருவரைப் பிடித்தோம். அவர் வரைபடமெல்லாம் போட்டுக் காட்டி, "கவலைப்படாதீர்கள், இது குரோயிங் பெயின்ஸ்தான். பாலக்காட்டுச் சம்பளத்தை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள், சரியாகிவிடும்" என்றார். மூன்று பேரும் தலையாட்டினோம். நானும்தான் ஆட்டினேன்.

ராத்திரி போடியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, பேத்தியின் கால்வலியைச் சொன்னேன். "அது ஒண்ணுமில்லப்பா. வளர்ற காலு, வலிக்கத்தான் செய்யும்" என்றார். என்ன ஆச்சரியம், டாக்டர் சொன்னதின் அச்சு அசல் தமிழ்! ஆனால் அடுத்து அம்மா சொன்னதுதான் இதை எழுத வைத்தது. "இந்தப் பேச்ச ஒங்க அப்பத்தா காதுல போட்டிருந்தா வெளக்குமாத்தத் தூக்கிருக்கும்."

அப்பத்தாவுக்கு ஏன் கோபம் வரும் என்பதைக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் சொல்கிறேன். முதலில் கால்.

இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1823-ல் வளர்ச்சியின் நோய்கள் பற்றி எழுதினார். (பிற்காலத்தில் சிறுநீர்த் தொட்டியைக் கலைப்பொருளாக வைத்த ஓவியருக்கும் இதே பெயர். ஆள் வேறு.) குழந்தை வளர்கிறது, கால் வலிக்கிறது, ஆகவே வளர்ச்சியால் வலிக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் இடிக்கும். குழந்தை மிக வேகமாக வளர்வது முதல் வருடத்தில், அடுத்தபடியாகப் பதின்பருவத்தில். இந்த வலியோ பெரும்பாலும் 3 வயதிலிருந்து 12 வயதுக்குள் வருகிறது, அதாவது வளர்ச்சி நிதானமாகப் போகிற காலத்தில். வளர்ச்சிதான் காரணம் என்றால் கையும் வலிக்க வேண்டாமா?

1951-ல் இங்கிலாந்தில் நெய்ஷ், ஆப்லி என்ற இரண்டு மருத்துவர்கள் இதை உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். மூட்டு நோயும் இல்லை, வளர்ச்சியோடு தொடர்பும் தெரியவில்லை என்ற இடத்துக்குத்தான் வந்தார்கள். எங்கள் தெற்கு ஆஸ்திரேலியாவிலேயே 2004-ல் வெளியான ஓர் ஆய்வு, 4 முதல் 6 வயதுள்ள குழந்தைகளில் 36.9 சதவீதம் பேருக்கு இந்த வலி இருப்பதாகச் சொன்னது. மூன்றில் ஒன்றுக்கும் மேல்! 2022-ல் இன்னொரு குழு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் படித்துப் பார்த்தது. பெரும்பாலானவை இந்த வலியை விளக்கும்போது வளர்ச்சி என்ற சொல்லையே தொடவில்லையாம். அப்புறம் ஏன் பெயரில் மட்டும் வளர்ச்சி? தாய் தகப்பனுக்கு ஆறுதலாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளை வைத்திருப்பவர்கள் படிப்பீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு காலும் வலித்து, சாயந்திரமோ ராத்திரியோ வந்து, காலையில் சுவடில்லாமல் போனால் பயம் வேண்டாம், தேய்த்துவிட்டால் போதும். ஒரே கால், ஒரே இடத்தில் விடாத வலி, காலையிலும் நொண்டல், மூட்டு வீக்கம், காய்ச்சல், எடை குறைதல், தொட்டாலே கத்துவது, இவற்றில் எது இருந்தாலும் "வளர்ற காலு" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆறுதலான பெயரில் இருக்கிற ஆபத்து அதுதான். பெயர் வைத்தாயிற்று என்றால் யாரும் காலைப் பார்ப்பதில்லை.

கம்பெனிகளுக்கு வருவோம். குழந்தைக் காலிலிருந்து கணக்குப் புத்தகத்துக்கு இந்தப் பேச்சு எப்போது தாவியது என்று தேடினால், 1972-ல் லாரி கிரெய்னர் என்ற பேராசிரியர் எழுதிய ஒரு கட்டுரையில் போய் நிற்கலாம். நிறுவனம் வளர்கிற ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு நெருக்கடி வரும், அதைத் தாண்டினால் அடுத்த கட்டம் என்று படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டினார். எங்கள் ஆலோசகர் போட்ட படமும் அதன் பேரப்பிள்ளைதான். படம் தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் நான் பிறந்து வளர்ந்தது மூணாறு மலையில், ஒரு லயத்தில். புதுத் தொழில் ஒன்று தட்டுத்தடுமாறி வளர்ந்த கதைக்கு அந்த மலையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நம்மில் பல பேர் அங்கே சுற்றுலா போய்த் தேயிலைச் செடிக்கு நடுவே நின்று படம் எடுத்திருப்போம். அந்தச் செடி அங்கே முதல் செடி இல்லை, இரண்டாவதும் இல்லை.

மலைக்கு முதலில் அளவு நூலோடு வந்தவர்கள் வார்டும் கானரும். சென்னை ராணுவத்து அதிகாரிகள். 1816 வாக்கில் தொடங்கித் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தார்கள். அவர்களுக்கு ரொம்ப முன்னாலிருந்தே அங்கே முதுவர்கள் இருந்தார்கள். மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதால் முதுவர் என்று பெயர் வந்ததாக அவர்கள் வழியில் ஒரு கதை உண்டு. பாருங்கள், அந்த மலையின் முதல் கதையே சுமை தூக்கி ஏறுகிற கதைதான்.

1877 ஜூலை 11. ஜான் டேனியல் மன்றோ என்ற துரை, பூஞ்சாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை எழுதி வாங்கினார். ரொக்கம் 5,000 ரூபாய், வருடக் குத்தகை 3,000 ரூபாய். கிடைத்தது சுமார் 1,37,000 ஏக்கர்! (கண்ணன் தேவன் என்பது அஞ்சுநாட்டுப் பக்கத்து ஒரு பெரிய மனிதரின் பெயர் என்கிறார்கள். மலையே தன் பெயரில் போகும் என்று அந்த மனிதர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.) 1879-ல் மன்றோவும் டர்னர் சகோதரர்களும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் வட திருவிதாங்கூர் நில, தோட்ட, வேளாண் சங்கம். இன்றைய பாஷையில் ஸ்டார்ட்-அப்!

அந்த ஸ்டார்ட்-அப் பட்ட பாடு இருக்கிறதே. முதலில் காப்பி போட்டார்கள். காப்பிக்கு அப்போது நேரம் சரியில்லை. 1869-ல் இலங்கையில் தலைகாட்டிய இலைத் துரு நோய் காப்பித் தோட்டங்களை அரித்துக்கொண்டே வந்தது. சரி, சிங்கோனா போடலாம். காய்ச்சலுக்குக் கொயினா எடுக்கிற பட்டை, நல்ல விலை. மரம் வளர்ந்து பட்டை உரிக்கிற சமயத்தில் ஜாவாத் தீவிலிருந்து அதைவிடச் சத்துள்ள பட்டை கப்பல் கப்பலாக வந்து குவிய, விலை சரிந்தது. கயிறு திரிக்கிற சிசால் கற்றாழைகூடப் போட்டுப் பார்த்தார்கள். ஏலமும் உண்டு. தேயிலை? அது 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் ஏறக்குறைய 50 ஏக்கரில் பரீட்சைக்காக நட்டது. மற்றதெல்லாம் கைவிட்ட பிறகுதான் ஓரத்தில் கிடந்த அந்தப் பிள்ளை வீட்டைத் தாங்க வந்தது.

அதற்குள் முதலைத் தொலைத்தவர்கள் பலர். தனித்தனித் துரைமார்களின் தோட்டங்களை 1890-களின் நடுவில் ஸ்காட்லாந்து முதலாளிகளான பின்லே மியூர் வாங்கிப்போட்டார்கள். 1897-ல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி பிறந்தது. ஆக, மன்றோ கையெழுத்துப் போட்டதிலிருந்து ஒரு நிலையான கம்பெனி என்று நிமிர்ந்து நிற்க 20 வருடம். காப்பி, சிங்கோனா, சிசால், கடன், காலரா. 1894-ல் ஹென்றி நைட் என்ற துரையின் இளம் மனைவி எலினர், வந்த கொஞ்ச நாளிலேயே காலராவில் இறந்தார். மூணாற்றில் குன்றின் மேல் அவருடைய கல்லறை இருக்கிறது, அதன் பக்கத்தில்தான் பிறகு தேவாலயம் கட்டினார்கள். சின்ன வயதில் நாங்கள் அங்கே விளையாடப் போவோம். பெயர் பொறித்த கல். அவர்மேல் எனக்கு இரக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் செத்த கூலிகளுக்கு அந்த மலையில் பெயர் போட்ட ஒரு கல்லைக்கூட நான் பார்த்ததில்லை.

தேயிலை விளைந்தாயிற்று, கீழே எப்படி இறக்குவது? இங்கேதான் எனக்குப் பிடித்த பகுதி. (தொழில் பொறியியல் படித்தவன், ரயில் என்றால் உயிர்!) 1902-ல் மூணாற்றிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். வண்டியின் சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், சாயாமல் இருக்கப் பெரிய சக்கரம் பக்கத்தில் ரோட்டில் உருளும். இழுப்பது மாடு. மோனோரயில் என்று இன்று நகரங்களில் கோடி கோடியாகக் கொட்டுகிறார்களே, மூணாற்றில் அது மாடு பூட்டி ஓடியது! 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குட்டி ரயில் பாதை போட்டு நீராவி எஞ்சின் ஓட்டினார்கள். டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலைப் பெட்டி, கம்பியில் தொங்கிக்கொண்டு செங்குத்தாகக் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். ரோப்வே. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. போடிக்கு அப்போது ரயில் கிடையாது, மதுரை - போடி பாதை 1928-ல்தான் வந்தது.

கிட்டத்தட்ட அதே வருடங்களில் பாலக்காட்டு மலைப்பக்கமும் இப்படி ஒரு கூத்து நடந்தது. பரம்பிக்குளம் காட்டு மரத்தைச் சாலக்குடிக்கு இறக்கக் கொச்சி அரசு போட்ட டிராம்வே, 1907-ல் திறந்தார்கள். சரிவுகளில் எஞ்சினே கிடையாது. மரம் ஏற்றிய வண்டி இறங்குகிற கனத்தில் காலி வண்டி மேலே ஏறும், நடுவில் ஒரு கயிறு. கனமானது இறங்கினால் காலியானது தானாக ஏறும் என்பது பொறியியலில் அழகான ஏற்பாடு. எங்கள் பாலக்காட்டு அலுவலகத்துப் பையன் ஒருவன், கொழிஞ்சாம்பாறைக்காரன், வீட்டில் தமிழ் பேசுகிறவன், ஒருநாள் இதைச் சொல்லிவிட்டு, "சார், நம்ம கம்பெனியும் அப்படித்தான், நாங்க எறங்க எறங்க நீங்க ஏறுறீங்க" என்றான். சிரித்தோம். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

மூணாறு ரயிலுக்கு ஆயுசு 16 வருடம். 1924 ஜூலை மழையில் (மலையாளக் கணக்கில் 1099-ம் ஆண்டு, கேரளத்தில் இன்றைக்கும் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்றுதான் சொல்வார்கள்) முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டலை ஆகிய மூன்று ஆறும் ஒன்றாகப் புரண்டு வந்து பாதையை அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பப் போடவே இல்லை. அன்றைய ரயில் நிலையக் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகம். கம்பெனி மட்டும் எழுந்து நின்றது. ஆலோசகர் படத்தில் நெருக்கடிக்கு அடுத்து வருமே ஒரு படி, அது.

துரைமார்கள் வழியாக வந்த சரித்திரம் பெரும்பாலும் இப்படித்தான் போகும். பட்ட கஷ்டம், விடாமுயற்சி, வெற்றி. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் அப்பத்தாவின் அம்மா ஒன்று சொல்வாராம், அப்பத்தா வழியாக எங்கள் வீட்டில் அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது: "தேயில கம்பியில போச்சு, நாம கால்ல போனோம்."

ஏனென்றால் ரயிலும் ரோப்வேயும் பெட்டிக்குத்தான். அந்தச் செடியை நட, களை வெட்ட, கொழுந்து கிள்ள வந்த ஆட்கள் மலையடிவாரத்திலிருந்து ஏறியது நடந்து. உத்தமபாளையம், சின்னமனூர், போடிப் பக்கத்து ஆட்கள் குரங்கணி வழி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து, கயத்தாறு கோவில்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் மழை பொய்த்த வருடங்களில் குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். கூட்டிக்கொண்டு போனவர் கங்காணி. துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார், கங்காணி ஆளுக்கு இவ்வளவு என்று கொடுப்பார், கூடவே ஒரு கம்பிளி. அந்தப் பணமும் கம்பிளியும் கடன். கழித்து முடிக்கிற வரை இறங்க முடியாது. இறங்கி ஓடினால்? பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-லேயே சட்டம் இருந்தது, முன்பணம் வாங்கிய வேலையாள் ஒப்பந்தத்தை மீறினால் ஜெயில். திருவிதாங்கூரும் 1865-ல் அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்துத் தோட்டங்களுக்கென்று 1903-ல் தனிச் சட்டமே போட்டார்கள். கடன் வாங்கிய துரை நொடித்தால் அது வியாபாரம், கடன் வாங்கிய கூலி ஓடினால் அது குற்றம். பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவலை (இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு') படித்தவர்களுக்கும், அதை வைத்து 2013-ல் வந்த 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்கும் இது புதிதில்லை. அது வால்பாறைப் பக்கத்துக் கதை. மலை வேறு, கம்பிளி ஒன்றுதான்.

அப்பத்தா ஏறியது 1940 வாக்கில். வயது எட்டோ ஒன்பதோ, அவருக்கே சரியாகத் தெரியாது. தகப்பன் முன்னாலேயே போய்விட்டார். தாயும் பிள்ளைகளுமாகக் குரங்கணியில் ஒரு ராத்திரி படுத்து, விடியுமுன்னே ஏற ஆரம்பித்தார்களாம். கைக்குழந்தை தாயின் இடுப்பில். சட்டி பானை மூட்டை அப்பத்தா தலையில். மழைக்காலம் வேறு, காலெல்லாம் அட்டை. பாதி மலையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து அழுதிருக்கிறார். முன்னால் போன கங்காணி திரும்பிப் பார்த்து, கோபமே இல்லாமல், சிரித்த முகமாகச் சொன்னாராம்: "வளர்ற காலு, வலிக்கத்தான் செய்யும். நட தாயி."

எண்பது வயதிலும் அப்பத்தா அந்தக் குரலை அப்படியே பேசிக் காட்டுவார். "திட்டிருந்தாக்கூட மறந்திருப்பேன்யா. சிரிச்சுக்கிட்டுச் சொன்னான் பாரு" என்பார். மேலே போய்ச் சேர்ந்த மறுவாரமே அவரைக் களை பொறுக்க அனுப்பினார்கள். அரை ஆளுக்கும் குறைந்த கூலி. எந்தத் தோட்டம், எந்தத் துரை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு தோட்டம் மட்டும் இப்படி இருந்ததில்லை.

சட்டம் அவருக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று பிறகு நான் தேடிப் பார்த்தேன். விட்லி தலைமையில் 1929-ல் அமைத்த ராயல் கமிஷன், தோட்டங்களில் 10 வயதுக்குக் கீழே பிள்ளைகளை வேலைக்கு விடக்கூடாது என்று 1931-ல் சிபாரிசு செய்தது. சிபாரிசுதான். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்த வயதை 12 ஆக்கியது. வீடு, மருத்துவம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பாக்கியதும் அந்தச் சட்டம்தான். அதாவது என் அப்பத்தா எட்டு வயதில் மலையேறியபோது அந்தச் சட்டத்துக்கு இன்னும் பத்து வருடத்துக்கு மேல் பாக்கி. எங்கள் அத்தையும் சித்தப்பாவும் ஆயாவிடம் விடப்பட்டு வளர்ந்ததும், அப்பா பள்ளிக்கூடம் போனதும் அதற்கப்புறம்தான்.

மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அதற்கு முன் நடந்த போராட்டங்களை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். 1964-ல் டாடா கூட்டு, 1976-ல் டாடா வசம். 2005-ல் அந்தத் தோட்டங்களை நடத்த ஒரு புதுக் கம்பெனி அமைத்து, 12,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பங்குதாரர் ஆக்கினார்கள். கூலிக்காரர்களே முதலாளி! உலகமெல்லாம் பேசினார்கள். நானும் பெருமையாகப் பேசியவன்தான், இன்றைக்கும் அது சின்ன விஷயம் என்று நினைக்கவில்லை.

ஆனால் 2015 செப்டம்பரில் அந்தப் பங்குதாரப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முந்தைய வருடம் 20 சதவீதம் வந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்திருந்தது. தினக்கூலி அப்போது 232 ரூபாய். தேயிலை விலை சரியில்லை, கம்பெனிக்குக் கஷ்டகாலம் என்பது நிர்வாகத்தின் பக்கம். தொழிற்சங்கத் தலைவர்களையும் கிட்டே சேர்க்காமல் "பெம்பிளை ஒருமை" என்று பெயர் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். போனஸ் 20 சதவீதம் ஆயிற்று. அக்டோபரில் கூலி 301 ரூபாய் ஆயிற்று. கேட்டது 500. என் சித்தியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். டிவியில் தேடித் தேடிப் பார்த்தேன், முகம் தெரியவில்லை. போனில், "ஒன்பது நாளு ரோட்ல உக்காந்தீங்களே, கஷ்டமா இல்லையா சித்தி?" என்று கேட்டேன். "முப்பது வருசமா நின்ன காலுடா இது. உக்காந்ததே பாதி போனஸு" என்றார்.

அப்பத்தா அதைப் பார்க்க இல்லை. 2013-ல் போய்விட்டார். கடைசி வருடங்களில் ராத்திரியானால் கால் வலி. நான் லீவில் போனபோதெல்லாம் எண்ணெய் தேய்த்துவிடுவேன். நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். ஒருமுறை விளையாட்டாக, "அப்பத்தா, இன்னுமா வளர்றீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. காலை மட்டும் இழுத்துக்கொண்டார்.

அம்மா போனை வைத்த பிறகு இதெல்லாம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆலோசகர் சிரித்த முகமாகச் சொன்னாரே, அந்தக் கூட்டத்தில் நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்தேன். மூன்று மாதச் சம்பளம் தள்ளிப்போனால் எனக்கு வீட்டுக் கடன் தவணை நிற்காது. என் கால் வலிக்காது. கொழிஞ்சாம்பாறைப் பையனுக்குத் தங்கை கல்யாணம் தை மாதம். இன்னொரு பெண் கஞ்சிக்கோட்டில் வாடகை வீட்டில் அம்மாவை வைத்துக்கொண்டிருக்கிறாள். கம்பெனி வளர்ந்தால் அதில் இவர்களுக்கு ஒரு பங்கும் எழுதித் தரவில்லை நாங்கள்.

திங்கட்கிழமை கூட்டத்தில் சொன்னேன், தள்ளிப்போடுவதாக இருந்தால் முதலில் நம் மூன்று பேர் சம்பளம் என்று. அது நடக்காது என்றான் ஒருவன். இன்னொருவன் பேசவில்லை. நான் அப்பத்தா கதையைச் சொல்லப் போய், பாதியில் நிறுத்திவிட்டேன். அடிலெய்டில் கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு கம்பிளிக் கதை சொல்ல வாய் வரவில்லை. இரண்டு மணி நேரம் இழுபறி. கடைசியில் எங்கள் மூவர் சம்பளத்தைப் பாதியாக்குவது, பாலக்காட்டுச் சம்பளத்தை முதல் தேதியே போடுவது, வங்கியில் என் பெயரில் கொஞ்சம் வாங்குவது என்று முடிந்தது. ஆலோசகருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். கம்பெனி நிற்குமா என்பது மார்ச்சில்தான் தெரியும். மனைவியிடம் இன்னும் வங்கி விஷயத்தைச் சொல்லவில்லை. (இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள் என்று நினைக்கிறேன்.)

நேற்று ராத்திரி சின்னவள் மறுபடி அழுதாள். எண்ணெய் எடுத்துக்கொண்டு போனேன். "ஏம்ப்பா வலிக்குது?" என்று கேட்டாள். வாய் வரைக்கும் வந்த பதிலை முழுங்கிக்கொண்டு, "தெரியலடா. எந்த இடத்துல, காட்டு" என்றேன். முழங்காலுக்குப் பின்னால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.